தம்பியைத் துடைத்த துடைப்பம்

மனைவி: ...கையை எடுங்க. மவுஸ் மேல இருந்து கையை எடுங்கன்னு சொல்றேன்.

போட்டோக்காரர்: எடுத்துட்டேன்.

மனைவி: இன்னொரு கையையும்.

போட்டோக்காரர்: அது கீபோர்டு மேலதானே இருக்கு...

மனைவி: அதைத்தான் சொல்றேன். ரெண்டையும் கட்டிக்கிட்டு அந்த ஸ்டூல்ல போய் உக்காருங்க. ஆங், அப்படி. இப்பச் சொல்லுங்க. நான் சாப்பிட மாடிக்குப் போனப்ப இந்தக் கம்ப்யூட்டர் நல்லா இருந்துச்சா, இல்லையா?

போட்டோக்காரர்: எங்க நல்லா இருந்துச்சு? டிஸ்க் நிறைஞ்சு போச்சுன்னு சிவப்புக் கோடு காட்டுச்சு. ஒரே ஒரு படம் சேவ் பண்ண இடம் இல்ல. காலையில நீயே கிடந்து திட்டினே.

மனைவி: நான் கம்ப்யூட்டரைத் திட்டல. உங்களைத்தான் திட்டினேன்.

போட்டோக்காரர்: அதான்... நீ வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணி வெச்சா சந்தோஷப்படுவியேன்னு...

மனைவி: எதை வெச்சு சுத்தம் பண்ணீங்க?

போட்டோக்காரர்: துடைப்பம்.

மனைவி: என்னது?

போட்டோக்காரர்: துடைப்பம் படம் போட்ட ஒரு சாஃப்ட்வேர். நெட்ல சும்மாவே கிடைக்குது. உள்ள விட்டோம்னா மூலை முடுக்கெல்லாம் புகுந்து குப்பையைப் பொறுக்கிட்டு வந்துடும். உன் சித்தப்பாதான் சொன்னார்.

மனைவி: எங்க சித்தப்பா தினமும் நடக்கச் சொன்னார், நடந்தீங்களா? எண்ணெயைக் குறைக்கச் சொன்னார், குறைச்சீங்களா? ஆயுசுல அவர் பேச்சைக் கேட்டது இந்த ஒரு விஷயத்துக்குத்தானா?

போட்டோக்காரர்: நடக்கறதுக்குக் கால் வலிக்குது. இதுக்கு ஒரு பட்டனை அமுக்கினாப் போதும்.

மனைவி: அமுக்கினதும்?

போட்டோக்காரர்: ஐயோ, அதை நீ பாத்திருக்கணும். நம்பர் எல்லாம் கடகடன்னு ஓடுது. குப்பை ஆயிரம், ரெண்டாயிரம், அஞ்சாயிரம்னு. சிவப்புக் கலர்ல ‘ஆபத்து’ன்னு எழுதி மின்னுது. நமக்கே வெக்கமாப் போச்சு. இத்தனை குப்பையிலயா குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தோம்னு...

மனைவி: அஞ்சாயிரம் குப்பையை அள்ளி எவ்வளவு இடம் கிடைச்சுது?

போட்டோக்காரர்: அதுதான்...

மனைவி: சொல்லுங்க.

போட்டோக்காரர்: ஒரு... ஒரு பொறந்தநாள் வீடியோ வைக்கிற அளவுக்கு.

மனைவி: முழு வீடியோவா?

போட்டோக்காரர்: கேக்கு வெட்டற வரைக்கும்.

மனைவி: அந்தத் துடைப்பம் உள்ள வந்து உக்கார எவ்வளவு இடம் எடுத்துக்கிச்சு?

போட்டோக்காரர்: அது தனியா வரல. கூட ஒரு வைரஸ் காவலாளியையும் கூட்டிக்கிட்டு வந்துச்சு. அப்புறம் வானிலை சொல்றது ஒண்ணு. ஜோசியம் சொல்றது ஒண்ணு...

மனைவி: அப்ப எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சா?

போட்டோக்காரர்: கேக்கு மேல மெழுகுவத்தி ஏத்தற வரைக்கும்.

மனைவி: எனக்கு வர்ற கோவத்துக்கு... ஏங்க, இந்தக் கம்ப்யூட்டர்லயே சுத்தம் பண்ற வசதி இருக்கு தெரியுமா? கூடவே வந்தது. ஓரமாச் சும்மா உக்காந்திருக்கு. அதைத் தொட்டிருந்தாலே தேவையில்லாததை ஒழுங்காக் காட்டியிருக்கும்.

போட்டோக்காரர்: அது ஒண்ணுமே மின்னாதே.

மனைவி: அந்தக் குப்பைத்தொட்டி நிறைஞ்சு வழியுதே, அதைக் காலி பண்ணியிருக்கலாமே. போன வருஷக் கல்யாண வீடியோவை எல்லாம் வெளி டிஸ்க்ல மாத்தியிருக்கலாமே. வீட்டுல பீரோ நிறைஞ்சு போனா, உள்ள என்ன இருக்குன்னு நாமதானே திறந்து பாக்கணும்? தெருவுல போறவனைக் கூப்பிட்டு, உனக்கு எது குப்பைன்னு தோணுதோ எடுத்துக்கப்பான்னு சொல்வாங்களா?

போட்டோக்காரர்: இருந்தாலும் கம்ப்யூட்டர் இப்பப் பறக்குது, பாத்தியா?

மனைவி: பறக்கல. பறந்துதான் போச்சு. இங்க வந்து பாருங்க. இல்ல, வேண்டாம், அங்கேயே உக்காந்து பாருங்க. இது என்ன ஃபோல்டர்?

போட்டோக்காரர்: ‘கிடங்கு அண்ணன் தம்பி.’ கிடங்கு சூப்பர்வைசரும் அவர் தம்பியும்.

மனைவி: உள்ள யார் இருக்கா?

போட்டோக்காரர்: அண்ணன்.

மனைவி: தம்பி?

போட்டோக்காரர்: தம்பி... அங்கதான் எங்கயாவது...

மனைவி: ‘ஒரே மாதிரி இருக்கிற படங்கள் நீக்கப்பட்டன’ன்னு இங்க ஒரு அறிவிப்பு நிக்குதே, இது என்ன?

போட்டோக்காரர்: ...அது அந்தத் துடைப்பத்தோட இன்னொரு வசதி. ஒரே படம் ரெண்டு தடவை இருந்தா ஒண்ணை எடுத்துடும்.

மனைவி: ஒரே மூஞ்சி ரெண்டு பேருக்கு இருந்தா?

போட்டோக்காரர்: ஐயய்யோ.

மனைவி: இரட்டைப் பிள்ளைங்கங்க அவங்க! ஒரே யூனிஃபார்ம், ஒரே ஸ்டூல், ஒரே திரை. அது என்ன கண்டுச்சு? தம்பியைத் தூக்கிப் போட்டுடுச்சு!

போட்டோக்காரர்: குப்பைத்தொட்டியில பாரு. அங்க இருப்பார்.

மனைவி: அங்கயும் இல்ல.

போட்டோக்காரர்: ஆமா... ‘திரும்ப எடுக்க முடியாதபடி பாதுகாப்பா அழிக்கவா’ன்னு கேட்டுச்சு. பாதுகாப்புன்னா நல்லதுதானேன்னு சரின்னுட்டேன்.

மனைவி: கேமரா கார்டு?

போட்டோக்காரர்: இன்னைக்குக் காலையில அதே கார்டுலதான் பள்ளிக்கூடத்து மொத்த வகுப்பையும் எடுத்தேன். தம்பி மேல நாப்பது பசங்க உக்காந்திருக்காங்க.

மனைவி: போச்சு. எல்லாம் போச்சு.

போட்டோக்காரர்: பதறாதே...

மனைவி: பதறாம? அந்தச் சூப்பர்வைசர் என்ன சொல்லிட்டுப் போனார்? ‘முதல்ல என் படம், என் தம்பி படம் ரெண்டையும் எடுங்க. நல்லா வந்தா கிடங்குல இருக்கற அத்தனை பேருக்கும் அடையாள அட்டைப் படம் உங்ககிட்டதான்’னு சொன்னாரா, இல்லையா? இப்ப வாங்கிட்டுப் போக வந்துடுவார். கடைக்குள்ள ஆள் வந்து எத்தனை நாளாச்சுங்க? எல்லாரும் போன்லயே எடுத்துக்கறாங்க. இந்த ஆர்டரும் போச்சுன்னா கடையை எடுத்து மூட வேண்டியதுதான். எனக்கு நிஜமாவே பயமா இருக்குங்க.

போட்டோக்காரர்: எனக்கும்தான் பயமா இருக்கு. அதான் தமாஷா பேசிக்கிட்டு இருக்கேன்.

மனைவி: தம்பியைக் கூப்பிட்டு மறுபடி எடுத்துடலாமா?

போட்டோக்காரர்: அவர் ராத்திரி ஷிப்ட்டு. பகல் முழுக்கத் தூங்குவாராம். கூப்பிட்டு என்ன சொல்றது? உங்களைக் குப்பைன்னு நினைச்சு கூட்டித் தள்ளிட்டோம்னா?

மனைவி: இருங்க... இங்க இன்னொண்ணு இருக்கே. இந்த டிஸ்க்ல பாதி இடத்தை ஒரே ஃபோல்டர் பிடிச்சிருக்கு. ‘வெளிச்சம் டெஸ்ட்.’

போட்டோக்காரர்: அது ஒண்ணும் இல்ல, அதை மூடு.

மனைவி: நீங்க. நீங்க. நீங்க. ஸ்டூல்ல நீங்க. சைடுல நீங்க. தாடையைத் தடவிக்கிட்டு நீங்க. கடவுளே, இது முழுக்க நீங்களா?

போட்டோக்காரர்: ஆள் வர்றதுக்கு முன்னாடி லைட்டு சரியா விழுதான்னு பாக்க வேண்டாமா?

மனைவி: பாத்ததும் அழிக்க வேண்டாமா? ஆமா... இதெல்லாம் ஒரே மாதிரி இருக்கற படம்தானே? துடைப்பம் ஏன் இதை விட்டுச்சு?

போட்டோக்காரர்: அந்த ஃபோல்டருக்கு மட்டும் நான் டிக்கை எடுத்துட்டேன்.

மனைவி: உங்க மூஞ்சியை மட்டும் காப்பாத்திட்டு, ஊர்க்காரங்க மூஞ்சியை எல்லாம் துடைப்பத்துக்கு முன்னாடி தள்ளி விட்டீங்க.

போட்டோக்காரர்: சிலதுல நல்லா விழுந்திருக்கேன்ல?

மனைவி: ஒண்ணே ஒண்ணுல. அதை வெச்சுக்கறேன். மிச்சத்தை எல்லாம் இதோ அழிச்சாச்சு. பாருங்க, சிவப்புக் கோடு போச்சு. துடைப்பமும் வேண்டாம், தொடப்பக்கட்டையும் வேண்டாம்.

போட்டோக்காரர்: எல்லாத்தையுமா?

மனைவி: வாயை மூடுங்க. வேலையைப் பாக்கணும். அண்ணன் படத்தை எடுத்து தம்பியா மாத்தப் போறேன்.

போட்டோக்காரர்: தப்பில்லையா?

மனைவி: தப்புதான். வேற வழி சொல்லுங்க, செய்யறேன். ...இல்லல்ல? அப்ப சொல்லுங்க. தம்பி எப்படி இருந்தார்? அவர் வந்தப்ப நான் கடையில இல்ல. படத்தையும் இன்னும் திறந்து பாக்கல.

போட்டோக்காரர்: இதை என்கிட்ட விடு. எத்தனை வருஷமா மூஞ்சி பாக்கற கண்ணு இது! இரட்டைப் பிள்ளையா இருந்தா என்ன, எனக்குப் பாத்த மாத்திரத்துல தெரிஞ்சு போச்சு. அண்ணன் கொஞ்சம் கறார். தம்பி சாது. அண்ணன் நேத்துக் காலையில வந்தார், தலைவகிடு இடது பக்கம். தம்பி சாயங்காலம் வந்தார், வகிடு வலது பக்கம்.

மனைவி: அப்பாடி. அப்படியே படத்தைத் திருப்பிப் போட்டா வகிடு மாறிடும். திருப்பிட்டேன்.

போட்டோக்காரர்: அசல் தம்பி!

மனைவி: தம்பிக்குச் சட்டைப் பாக்கெட் வலது பக்கம் போயிடுச்சு. பாக்கெட்ல இருக்கற எழுத்தெல்லாம் கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பி ஓடுது.

போட்டோக்காரர்: பாக்கெட்டுக்கு மேல வெட்டிடு.

மனைவி: வெட்டிட்டேன். மச்சம்?

போட்டோக்காரர்: என்ன மச்சம்?

மனைவி: அண்ணனுக்கு இடது கன்னத்துல பட்டாணி அளவுக்கு ஒரு மச்சம் இருக்கு. திருப்பினதும் வலது கன்னத்துக்கு வந்துடுச்சு. தம்பிக்கு மச்சம் உண்டா?

போட்டோக்காரர்: இல்ல.

மனைவி: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

போட்டோக்காரர்: யோசிக்கவே வேண்டாம். தம்பி மூஞ்சி துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும். மச்சம்தான் அவங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசமே.

மனைவி: சரி, மச்சத்தை எடுத்துட்டேன். பிரிண்ட்டு போடறேன்... அந்தத் துடைப்பத்தைத் தூக்கிட்டீங்கல்ல? இதையும் அழிச்சுத் தொலைக்கப் போவுது.

போட்டோக்காரர்: தூக்கப் போனேன். ‘எங்களை விட்டுப் போறீங்களா’ன்னு அழற மாதிரி ஒரு மூஞ்சி காட்டுச்சு. மனசு கேக்கல.

மனைவி: கட்டின பொண்டாட்டி அழுதப்ப இந்த மனசு எங்கங்க போச்சு?

போட்டோக்காரர்: ஷ்... வந்துட்டார். கதவுகிட்ட செருப்பு விடறார். சிரி, சிரி. வாங்க சார், வாங்க, வாங்க!

சூப்பர்வைசர்: வணக்கம். வேலை முடிஞ்சு நேரா வர்றேன்... ஆவ்... மன்னிச்சுக்கங்க, கொட்டாவி நிக்கவே மாட்டேங்குது. படம் ரெடியா?

மனைவி: சுடச்சுட இருக்கு சார். இது உங்க படம்.

சூப்பர்வைசர்: பரவால்லையே. ஆள் கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கேன்.

மனைவி: இது... உங்க தம்பி.

சூப்பர்வைசர்: தம்பி... ஆங், தம்பி. நல்லா வந்திருக்கான். ...இருங்க. மச்சம் எங்க?

மனைவி: மச்சமா சார்?

சூப்பர்வைசர்: இடது கன்னத்துல இருக்கணுமே.

போட்டோக்காரர்: சார், அது உங்களுக்குத்தானே? தம்பிக்குத்தான் மச்சம் இல்லையே...

சூப்பர்வைசர்: யார் சொன்னது? தம்பிக்கும் இருக்கு. இடது கன்னத்துலதான் இருக்கு.

மனைவி: அண்ணனுக்கும் அங்கதான், தம்பிக்கும் அங்கதானா சார்?

சூப்பர்வைசர்: இரட்டைப் பிள்ளைங்கன்னா அப்படித்தாம்மா.

மனைவி: அதே அளவுல?

சூப்பர்வைசர்: அதே... அளவுலதான். ஏம்மா, கண்டிப்பா மச்சம் வேணும். மச்சம் இல்லாத அட்டையைக் காட்டினா ராத்திரி ஷிப்ட்டுக்குக் கேட்லயே விட மாட்டாங்க. என்னை... எங்க தம்பியை.

மனைவி: அதுக்கென்ன சார், கன்னம் கொஞ்சம் பளபளப்பா இருக்கட்டுமேன்னு நான்தான் துடைச்சு விட்டேன். மறுபடி வெச்சுடறேன். ஒரு நிமிஷம்... ஏங்க, இது என்ன சத்தம்?

சூப்பர்வைசர்: ஆம்புலன்ஸா?

போட்டோக்காரர்: இல்ல சார், நம்ம கம்ப்யூட்டர்தான். ஆபத்துன்னா இப்படித்தான் ஊளையிடும்.

சூப்பர்வைசர்: திரையில ஏதோ எழுதியிருக்கே. ‘ஒரே ஆளின் இரண்டு படங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்றை அழிக்கலாமா?’ ...எந்த ரெண்டு படம்?

போட்டோக்காரர்: அது ஒண்ணும் இல்ல சார், அது எல்லாரையும் அப்படித்தான்...

சூப்பர்வைசர்: பக்கத்துல காட்டற படம் என் படம் மாதிரி இருக்கே. இன்னொண்ணு தம்பி.

மனைவி: ஏங்க... சொல்லிடுங்க.

போட்டோக்காரர்: நீ சொல்லேன்.

மனைவி: அமுக்கினது நீங்கதானே.

போட்டோக்காரர்: சார்... உக்காருங்க சார். கோவப்படாம கேளுங்க. டிஸ்க்ல இடம் இல்லன்னு அந்தத் துடைப்பத்தை நான்தான் உள்ள விட்டேன். அது உங்களையும் உங்க தம்பியையும் பாத்துட்டு, ரெண்டும் ஒரே ஆள்னு முடிவு பண்ணி, தம்பியை அழிச்சுப் போட்டுடுச்சு. முட்டாள் மெஷின் சார் அது. அதுக்கு மூஞ்சி பாக்கத் தெரியாது. எங்களை மாதிரி கண்ணு கிடையாது. இப்ப நீங்க கையில வெச்சிருக்கறது ரெண்டுமே உங்க படம்தான். ஒண்ணைத் திருப்பிப் போட்டு தம்பின்னு கொடுத்தோம். தப்பு எங்க மேலதான். ஆர்டர் இல்லன்னு சொன்னாலும் சரி... தம்பி எழுந்ததும் நானே கேமராவைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுக்கறேன்.

மனைவி: திட்டறதுன்னாலும் திட்டிடுங்க சார். அவருக்குப் பழக்கம்தான்.

சூப்பர்வைசர்: அந்தத் துடைப்பம்... இந்த விஷயத்தை வேற எங்கயாவது போய்ச் சொல்லுமா?

போட்டோக்காரர்: எந்த விஷயத்தை சார்?

சூப்பர்வைசர்: மொதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க.

மனைவி: சாத்திட்டேன் சார்.

சூப்பர்வைசர்: உங்க கடைக்கு வர்றதுக்கு முன்னாடி வேற மூணு ஸ்டூடியோவுக்குப் போனேன். காலையில ஒரு படம் எடுத்துட்டு, சாயங்காலம் வகிட்டை மாத்தி வாரிக்கிட்டுப் போனா, எல்லாரும் ஒரே கேள்விதான். ‘என்ன சார், எதையாவது மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்களா?’ நீங்க ஒருத்தர்தான் கட்டிப் பிடிக்காத குறையா, ‘வாங்க தம்பி, அண்ணன் சாயல் அப்படியே இருக்கு’ன்னு டீ வாங்கிக் கொடுத்தீங்க. அந்தக் கண்ணைப் பாத்துத்தான் மொத்த ஆர்டரையும் இவர்கிட்டயே கொடுத்துடணும்னு முடிவு பண்ணேன்.

போட்டோக்காரர்: எந்தக் கண்ணை... இருங்க சார். அப்ப... தம்பி?

மனைவி: இன்னுமா உங்களுக்குப் புரியல?

சூப்பர்வைசர்: தம்பின்னு யாரும் இல்லைங்க. எங்க வீட்டுல நான் ஒரே பிள்ளை. ஒரு ஆளுக்கு ஒரு ஷிப்ட்டுதான்னு கிடங்குல கறாராச் சொல்லிட்டாங்க, வீட்டுலயோ மூணு பிள்ளைங்க படிக்குது, அதான் ராத்திரி ஷிப்ட்டையும் தம்பி பேர்ல நானே பாக்கறேன். நாளைக்கே ஆளுங்களை அனுப்பறேன், அத்தனை பேர் படத்தையும் நீங்கதான் எடுக்கணும்... ஆனா தயவு பண்ணி, அந்தத் துடைப்பம் நல்லா இருக்குன்னு எங்க ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அங்க இருக்கற கம்ப்யூட்டர்ல நான் இன்னும் ரெண்டு பேராத்தான் இருக்கேன்.